பவுடர்காரிகள் இறங்கிய இடம்

ஏப்ரல் 6

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் நான் அங்கே இல்லை, எனக்குத் தெரியாது என்று நழுவக் கூடாது. என் மகன் இருந்தான். அவன் பெண்டாட்டி இருந்தாள். பேத்தி என் மடியில் இருந்தாள். மகனுடைய மேலதிகாரி, வழுக்கைத் தலை, கையில் மைக். மஞ்சள் வண்டி ஓட்டுகிறவர், அவர் காலடியில் ஒரு நாய். கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற பெண், நம் பேச்சு பேசுகிறவள். கடைசியாக நான். மற்றவர்கள் எல்லாம் கூட்டம். அவர்கள் முகம் எனக்கு வேண்டாம். ஆனால் அவர்கள் கைதட்டினார்கள், அதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்.

இதைப் போனில் சொல்ல முடியாது. உன் காதை மில்லிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டாய். நான் கத்தினால் உனக்குக் கேட்பதற்குள் இந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டுவிடும். முகம் தெரிகிற போனில் பேசினால் என் வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறாய், நான் என்ன சொன்னேன் என்று பிறகு உன் மகளிடம் கேட்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.  கையெழுத்து கோணலாக இருந்தால் கிண்டல் பண்ணாதே.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது என் மகன் என்னோடு பேசவில்லை. சண்டை இல்லை, பேச ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். வேலையிலிருந்து வருவான், பூட்ஸை வெளியே கழற்றி வைப்பான், நெடுநேரம் கை கழுவுவான், சாப்பிடுவான், படுத்துவிடுவான். "என்னடா இன்னைக்கு வேலை எப்படி?" என்றால், "அப்படியேதாம்மா." ஏர்போர்ட்டில் பாதுகாப்பு அதிகாரி என்றால் அலுப்பு இருக்கத்தானே செய்யும் என்று நானும் விட்டுவிட்டேன். பாதுகாப்பு அதிகாரி என்று நம் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தது நான்தானே. துணி தேய்க்கிறவரிடம் கூடச் சொல்லியிருக்கிறேன்.

எனக்குப் பொழுது போக இருந்தது சமையலறை பால்கனி ஒன்றுதான். ஐந்தாவது மாடி. கீழே ஒரு நீளச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் புல்வெளி, ஒரு குளம், குளத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு நாணல். அதற்கு அப்பால் விமானம் ஓடுகிற பாதை. அங்கே வருகிற பறவை ஒன்றைக்கூட எனக்குத் தெரியாது. காக்கா என்று நினைத்துப் பார்த்தால் அதுவும் வேறு காக்கா, ஜலதோஷம் பிடித்த மாதிரி கத்துகிறது. பேர் தெரியாதவர்களோடு எப்படிப் பழகுவது? நானே பேர் வைத்தேன். விடிந்ததும் வந்து குழாய் மேல் உட்காருகிற மஞ்சள் வயிற்றுப் பறவைக்குப் பால்காரர். யார் பக்கத்தில் வந்தாலும் கழுத்தை நீட்டிச் சீறுகிற சாம்பல் நிறத்துக்கு என் மாமியார். பேர் பொருத்தம் உனக்கே தெரியும், அவள் உன்னையும்தான் விரட்டினாள்.

பிறகு குளிர் விட்டதும் அவர்கள் வந்தார்கள். வாத்தைவிடப் பெரிசு. கருப்பு நீளக் கழுத்து, கன்னத்தில் மட்டும் வெள்ளை, அவசரத்தில் பவுடரை அப்பிக்கொண்டு கிளம்பின மாதிரி. கல்யாண வீட்டுக்குள் நுழைகிற பெண்டுகள் போல வரிசையாக, யாரையும் பார்க்காத மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டு நடை. பவுடர்காரிகள் என்று பேர் வைத்தேன். அதில் ஒரு ஆண், இடது கால் தாங்கித் தாங்கி நடப்பான். அவன் நொண்டி மாப்பிள்ளை. பெண்டாட்டி புல்லைக் கொத்துகிற நேரமெல்லாம் அவன் சாப்பிடாமல் கழுத்தை நட்டுக்கொண்டு காவல் நிற்பான். என் வீட்டுக்காரர் ஒரு நாள் கூட எனக்கு அப்படி நின்றதில்லை.

ஒரு சாயங்காலம் பேச்சுவாக்கில் மகனிடம் சொன்னேன். "டேய், இன்னைக்குப் பவுடர்காரிங்க நிறைய பேரு வந்துட்டாங்கடா. ரெண்டு பேரு நாணலுக்குள்ள போனவங்க வெளியவே வரல."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "எந்தப் பக்கம்மா?"

"பழைய பம்பு ரூம் இருக்குல்ல, அதுக்குப் பின்னால."

"வாயில ஏதாச்சும் கொண்டு போனாங்களா?"

"புல்லு கொண்டு போச்சு."

என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சின்னவளே, அவன் மீசை முளைத்த பிறகு என் பக்கத்தில் நாற்காலி இழுத்துப் போட்டது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எங்களுக்கு இதே பேச்சு. எத்தனை பேர் வந்தார்கள், எங்கே படுத்தார்கள், எந்தப் பக்கம் கிளம்பினார்கள். என்னிடம் கேட்டால் தெரியாதா? நான் எதையாவது மறந்து பார்த்திருக்கிறாயா? ஒன்று விடாமல் சொன்னேன். சொல்வதற்காகவே பகலெல்லாம் பார்த்தேன். என் மகன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டான் என்று உனக்கும் எழுதினேனே. நீ பதிலே போடவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் வேலை செய்கிற இடத்தில் குடும்பங்களை எல்லாம் அழைத்திருந்தார்கள். மருமகள் எனக்குத் தலை வாரிவிட்டாள். அது என்ன அதிசயம் என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். பெரிய கூடம், நாற்காலி வரிசை, முன்னால் திரை. வழுக்கைத் தலைக்காரர் பேசினார், எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. திடீரென்று என்னைக் கை காட்டினார். எல்லாரும் திரும்பினார்கள். எல்லாரும் கைதட்டினார்கள்.

மருமகளைக் கேட்டேன், "என்னம்மா சொல்றாரு?"

"உங்களைப் பாராட்டுறாங்க அத்தை."

நான் எழுந்து நின்றேன். பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லாப் பக்கமும் கைகூப்பினேன். சிரித்தேன். பல் செட்டு தெரியத் தெரியச் சிரித்தேன் சின்னவளே. அவர் மேடையிலிருந்து இறங்கி வந்து என் கழுத்தில் ஒரு பைனாகுலர் மாட்டிவிட்டார்.

அப்போதுதான் கேன்டீன் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம் பேச்சுக்காரியைப் பார்த்த சந்தோஷம் அவளுக்கு. "அம்மா, உங்களாலதான் அந்தக் கூடெல்லாம் கிடைச்சுதாம்! இவங்க வருஷக்கணக்கா தேடியும் நாணலுக்குள்ள கண்டுபிடிக்க முடியலையாம். நீங்க மேலேர்ந்து பாத்துச் சொன்னீங்களாமே! ஒண்ணு விடாம அழிச்சுட்டாங்களாம். உங்க மகன் குறி தப்பாதவரும்மா, இங்க எல்லாருக்கும் தெரியும்."

நான் திரையைப் பார்த்தேன். பம்பு ரூம். அதன் பின்னால் என் நாணல், வெட்டிச் சாய்த்துக் கிடந்தது. அடுத்த படத்தில் முட்டைகள், ஒரு பிளாஸ்டிக் வாளியில். அதற்கு அடுத்த படத்தில் பவுடர்காரிகள். வரிசையாகத்தான் இருந்தார்கள், எப்போதும் போல. படுத்திருந்தார்கள்.

சிரித்த வாய் எனக்கு மூடவே வரவில்லை. அப்படியே நின்றேன். எல்லாரும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் படத்தில் ஒவ்வொரு காலாகத் தேடினேன். நொண்டிக் கால் இல்லை. அதற்குள் படத்தை மாற்றிவிட்டார்கள்.

திரும்பி மகனைப் பார்த்தேன். அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டியில் வீடு வரும்வரை பேத்திதான் பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்து என்னைப் பார்த்து, பாட்டி குட்டியா இருக்கா, பாட்டி தூரமா இருக்கா என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

பால்கனிக் கதவைப் பூட்டிவிட்டேன். நீ சொல். பெற்றவளுக்குத் தெரியாமல் ஒருத்தன் இப்படி ஒரு வேலை செய்ய முடியுமா?

அக்கா

---

ஏப்ரல் 18

அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை பதறிப்போனேன், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று. இரண்டாவது தடவை சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நீ பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ப்பட்ட கூட்டத்துக்குக் கைகூப்பி நின்றதை நினைத்தால் சிரிக்காமல் என்ன செய்வது? எந்தக் கட்சியில் நிற்கிறாய் என்று கேட்க வேண்டும் போலிருக்கிறது.

சிரித்தது போதும். நீ கொஞ்சம் நிதானமாக யோசி. அந்த வாத்தோ என்னவோ ஒன்று விமான இஞ்சினுக்குள் போய்விட்டால் உள்ளே இருக்கிறவர்கள் கதி என்ன? உன்னையும் இறக்கிவிட்டது அந்தப் பாதையில்தானே. அன்றைக்கு உன் மகனைப் போல ஒருத்தன் கீழே நின்று விரட்டியதால்தான் நீ இன்றைக்கு உட்கார்ந்து எனக்குக் கோணல் எழுத்தில் கடிதம் எழுதுகிறாய். பாதுகாப்பு என்றால் இதுவும் பாதுகாப்புதான். தெருவில் நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, துணி தேய்க்கிறவர் வந்து கேட்க மாட்டார்.

அவனும் ஆசைப்பட்டா செய்கிறான்? முதலில் பட்டாசு சத்தம் வைத்துப் பார்ப்பார்களாம், பிறகு நாயை விடுவார்களாம். எதற்கும் மசியாததைத்தான் சுடுவதாம். முதல் தடவை சுட்ட அன்று கை நடுங்கி அவனால் கரண்டி பிடிக்க முடியவில்லை, பாவம், பெண்டாட்டிதான் ஊட்டிவிட்டாளாம். இப்போதும் வீட்டுக்கு வந்து எவ்வளவு கழுவினாலும் கையில் வாசம் போகவில்லை என்கிறான். நீ அவனைத் திட்டாதே.

இங்கே எல்லாம் பழையபடிதான். என் மகள் எனக்குக் காதில் மாட்டுகிற மிஷின் வாங்கித் தந்தாள். மாட்டினால் மின்விசிறி சத்தம் மட்டும் பிரமாதமாகக் கேட்கிறது, மனுஷர்கள் பேசுவது கேட்கவில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான் என்று மாட்டிக்கொண்டு இருக்கிறேன்.

கதவைத் திற. காற்றாவது வரட்டும்.

தங்கை

---

மே 1

சின்னவளுக்கு,

கரண்டி பிடிக்க முடியவில்லை என்று உனக்கு யார் சொன்னது?

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.  வழுக்கைத் தலைக்காரர் பைனாகுலரை மாட்டிவிட்டபோது கூட இப்படி அடிபட்ட மாதிரி இல்லை. உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். அந்த வரி வந்ததும் அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டேன்.

பட்டாசு வைப்பது, நாயை விடுவது, கையில் வாசம், பெண்டாட்டி ஊட்டிவிட்டது. உனக்குத் தெரியும். ரொம்ப நாளாகத் தெரியும். நான் தெருவில் அதிகாரி, அதிகாரி என்று மார்தட்டினபோது நீ பக்கத்தில் நின்று தலையாட்டினாய். நான் இங்கே கிளம்பின அன்று என் பெட்டியில் ஏறி உட்கார்ந்து மூடிக் கொடுத்தாயே, அப்போதும் தெரியும். என் மகன் என்னோடு பறவைக் கதை பேசுகிறான் என்று நான் பூரித்துப்போய் எழுதினேன். நீ பதில் போடாமல் இருந்தது பொறாமையால் இல்லை. அவன் எதற்குக் கேட்கிறான் என்று உனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வரி எழுதியிருக்கலாமே? அக்கா, வாயை மூடிக்கொள் என்று ஒரு வரி.

நான் மறக்கிறவள் இல்லை. என் கல்யாணத்தன்று நம் அத்தை என் புடவையை ஏற இறங்கப் பார்த்து, "ஜன்னலுக்குத் தைச்ச துணியா?" என்று கேட்டாள். அத்தை போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இன்னும் நான் அவளை விடவில்லை. நீ அன்றைக்கு அவள் பக்கத்தில் நின்று சிரித்ததையும் விடவில்லை. இப்போது இதுவும் சேர்ந்தது.

இங்கே வீட்டு நிலைமை இது. அவன் சாயங்காலம் வருகிறான். டீ போட்டு இரண்டு கிளாஸில் ஊற்றி என் பக்கத்தில் ஒன்றை வைக்கிறான். நாற்காலியைப் பக்கத்தில் இழுக்கவில்லை. எதிரே உட்காருகிறான்.  டீ ஆறிப்போகிறது. மருமகள்தான் ஒரு நாள் அடுப்படியில் என் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாள்: "அத்தை, அவர் உங்ககிட்ட வேவு பாக்கணும்னு வந்து உக்காரல. மொத நாளு அப்படித்தான். அப்புறம் நீங்க பேசுறதைக் கேக்கணும்னே சீக்கிரம் வர ஆரம்பிச்சாரு."

"கேட்டுட்டு என்னம்மா செஞ்சான்?" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்விட்டாள். அவள் பாவம், பொய் சொல்லத் தெரியாதவள்.

கதவைத் திறந்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, துணி காயப்போட. அப்போது பார்த்தேன்.

சுவருக்கு இந்தப் பக்கமே ஒரு பழைய கிடங்கு இருக்கிறது, தட்டைக் கூரை. கீழே இருந்து பார்த்தால் கூரை மேல் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் தேங்கிப் புல் முளைத்துக் கிடக்கிறது. அங்கே ஒரு கருப்புக் கழுத்து எழுந்து நின்றது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கும்பல். தப்பித்தவர்கள் எல்லாரும் அங்கே வந்துவிட்டார்கள். ஓரமாக ஒருத்தன் தாங்கித் தாங்கி நடந்து போய் நின்று கழுத்தை நட்டான். என் நொண்டி மாப்பிள்ளை. அவன் பக்கத்தில் அவள் படுத்திருக்கிறாள், எழுந்திருக்கவே இல்லை. மறுபடியும் முட்டை வைத்துவிட்டாள்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சத்தம் போட்டுக் கூப்பிடப் போனேன். அப்போது ஒரு விமானம் இறங்கியது. அந்தக் கூரைக்கு நேர் மேலே, கை நீட்டினால் தொடலாம் போல. கும்பல் மொத்தமும் எழும்பி, விமானம் போன பிறகு மறுபடியும் உட்கார்ந்தது.

அன்று சாயங்காலம் அவன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "மிச்சம் இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னே தெரியலம்மா. நீ ஏதாச்சும் பாத்தியா?"

"எனக்குக் கண்ணே சரியா தெரியல," என்றேன்.

பொய் சொன்னேன். இனிமேலும் சொல்வேன். உன் மகனுக்குப் பார்த்துச் சொல்ல வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல். ஆமாம், உன் மகன்தான். யாரிடம் மனசைத் திறக்கிறானோ அவளுக்குத்தான் மகன்.

அக்கா

---

மே 13

அக்காவுக்கு,

திட்டிவிட்டாயா? சரி. இனி நான் சொல்வதைக் கேள்.

அவன் போன தடவை லீவில் வந்தபோது நீ சந்தைக்குப் போயிருந்தாய். நான் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேசினான். எனக்குப் பாதி கேட்கவில்லை, வாயைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அழுதான் அக்கா. அவ்வளவு பெரிய ஆள். "ஏண்டா, இதை உங்கம்மாகிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அம்மாகிட்ட சொன்னா அம்மா சாகுற வரைக்கும் மறக்க மாட்டாங்க சித்தி. தினமும் அவங்க முகத்துல அதை நான் பாக்கணும். நீங்கன்னா நாளைக்கே மறந்துருவீங்க."

என்னை நம்பி அவன் சொல்லவில்லை. நான் ஓட்டைப் பானை என்று சொன்னான். இதில் நீ பொறாமைப்பட என்ன இருக்கிறது?

ஆனால் நான் மறக்கவில்லை. எனக்கே ஆச்சரியம். அடுப்பில் பால் வைத்ததை மறக்கிறேன், என் பேத்தி பேரை மறக்கிறேன், இதை மறக்கவில்லை. உனக்கு எழுத எத்தனையோ தடவை உட்கார்ந்தேன். எழுதினால் அவனுக்கு உன் பக்கத்து நாற்காலி போய்விடும் என்று விட்டுவிட்டேன். தப்பாக இருக்கலாம். நீ சேர்த்து வைத்திருக்கிற கணக்கில் இதையும் எழுதிக்கொள், எனக்கு ஒரு பாரமும் இல்லை.

இனி முக்கியமான விஷயம். அவன் எனக்கு டிக்கெட் போட்டுவிட்டான். உன் கடிதம் வருவதற்கு முன்பே போட்டது. நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இருக்கிறீர்களாம், நான் வந்தால் நீ என்னைத் திட்டவாவது வாய் திறப்பாயாம். ஜூன் மாதம் பதினோராம் தேதி மத்தியானம் வந்து இறங்குகிறேன். எனக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுற்றும், இவன் என்னை ஆகாசத்தில் ஏற்றுகிறான். ஜன்னல் பக்கம் உட்கார மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கிடங்குக் கூரையைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. உன் மகனிடமும் சொல்லவில்லை. இந்தத் தடவை உன் ரகசியத்தைக் காப்பாற்றுகிறேன், பார்த்துக்கொள். நீ சொல்வாயோ மாட்டாயோ, உன் இஷ்டம். நான் அந்த வழியாகத்தான் வருகிறேன்.

தங்கை

---

ஜூன் 9

சின்னவளுக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. நீ வந்து படுக்கப் போகிற கட்டிலில் தலையணை மேல் வைக்கிறேன். வாயால் சொன்னால் உனக்குக் கேட்காது, கேட்டாலும் சிரிப்பாய். அதனால் வந்ததும் கையைக் கழுவிவிட்டு, உட்கார்ந்து, இதைப் படி.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் பால்கனியிலேயே நின்றேன். முதலில் உன்மேல் கோபத்தில் நின்றேன். பிறகு எண்ணிக்கொண்டு நின்றேன், இத்தனை விமானம் போகிறதே, ஒன்றும் ஆகவில்லையே, ஒரு நாள் மத்தியானம் மட்டும் ஏன் ஆகப்போகிறது என்று. ஒவ்வொரு தடவையும் கும்பல் எழும்பும்.  போன வாரம் ஒன்று விமானத்தின் இறக்கைக்கு அடியில் போய் எப்படியோ வெளியே வந்தது. அந்த விமானத்தில் ஜன்னல் பக்கம் உட்காராமல் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. அது உன் முகம்.

அன்று சாயங்காலம் அவன் வந்து டீயை வைத்தான். நான் எழுந்து போய் என் நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"கிடங்கு மேல இருக்குடா," என்றேன்.

 கிளாஸ் கையில் அப்படியே நின்றது. "எப்ப இருந்தும்மா?"

"நீ கேட்டப்பவே இருந்துச்சு."

என்னைத் திட்டுவான் என்று பார்த்தேன். திட்டவில்லை. ரொம்ப மெதுவாகத்தான் சொன்னான். "தினமும் அந்த வழியா யாரோ ஒருத்தரோட தங்கச்சி வந்துட்டுத்தான் இருக்காம்மா."

அது எனக்கு நெருப்பு மாதிரி இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன் சின்னவளே, யாரோ ஒருத்தரின் தங்கைகளுக்காக நான் வாய் திறக்கவில்லை. அவர்கள் எல்லாரும் என் கண் முன்னால்தான் போனார்கள், வந்தார்கள். நான் துணி காயப்போட்டுக்கொண்டு பேசாமல்தான் இருந்தேன். நான் இப்படிப்பட்டவள் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது. அதிர்ச்சியில் இருக்கிறேன்.

"சுடாம செய்டா," என்றேன்.

"சத்தம் வச்சுப் பாப்பேன். போயிருச்சுன்னா விட்டுருவேன். கூட்டை எடுத்துட்டா போயிரும்மா." பிறகு சொன்னான், "நீ நாளைக்குப் பால்கனிப் பக்கம் வராத."

நான் வராமல் இருப்பேனா? காலையில் அலமாரியைத் திறந்து, கைதட்டி மாட்டிவிட்டார்களே அந்தப் பைனாகுலர், அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். இதற்குத்தானே கொடுத்தார்கள். பேத்தியைக் கீழ்வீட்டில் விட்டுவிட்டு மருமகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். போ என்று சொன்னேன், போகவில்லை.

மஞ்சள் வண்டி வந்தது. ஓட்டுகிறவர் ஏணியைச் சாய்த்தார். நாயை வண்டியிலேயே கட்டிவிட்டார்கள். பெரிய சத்தம் ஒன்று வைத்தார்கள், இந்த வீட்டு ஜன்னலெல்லாம் ஆடியது. கும்பல் மொத்தமும் எழும்பியது. ஒரு வட்டம் போட்டது. இன்னொரு சத்தம். அப்படியே தெற்குப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டார்கள், திரும்பிப் பார்க்காமல், நம் அத்தை கோபித்துக்கொண்டு கல்யாணத்திலிருந்து கிளம்பிப்போன மாதிரி. எனக்குச் சிரிப்புகூட வந்தது.

முட்டை மேல் இருந்தவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. படுத்தே இருந்தாள். நொண்டி மாப்பிள்ளையும் போகவில்லை.

என் மகன் கூரை மேல் ஏறினான். பக்கத்தில் போனதும் அவள் பறந்தாள், நேராக ஓடுபாதைப் பக்கம் போனவள் கண்ணுக்கு மறைந்துவிட்டாள். அவன் குனிந்து முட்டைகளை ஒவ்வொன்றாக வாளியில் வைத்தான். எறியவில்லை, வைத்தான். அவ்வளவு நேரமும் நொண்டி மாப்பிள்ளை இறக்கையை விரித்துக்கொண்டு அவன் காலைக் கொத்தினான். என் மகன் கொத்தவிட்டான். பிறகு துணி ஒன்றைப் போட்டுப் பிடிக்கப் பார்த்தான், முடியவில்லை. இறங்கிப் போய்க் கீழே நின்று காத்திருந்தார்கள். இன்னொரு சத்தம் வைத்தார்கள். நொண்டி மாப்பிள்ளை எழும்பினான், ஒரு விமானம் வருகிற நேரம் பார்த்து அதற்குக் குறுக்கே ஒரு சுற்று சுற்றி, திரும்பி அதே இடத்தில் வந்து இறங்கினான். காலியான கூட்டுக்குப் பக்கத்தில் தாங்கித் தாங்கி நடந்து வந்து, கழுத்தை நட்டுக்கொண்டு நின்றான். காவலுக்கு.

என் மகன் மறுபடியும் மேலே வந்தான். இந்தத் தடவை கையில் வாளி இல்லை. என் பக்கம் திரும்பினான். பைனாகுலரில் அவன் முகம் அவ்வளவு கிட்டத்தில் இருந்தது, தாடையில் சவரம் செய்யாத இடம்கூடத் தெரிந்தது. கையைத் தூக்கி, உள்ளே போ, உள்ளே போ என்று காட்டினான்.

நான் போகவில்லை. சொன்னது நான். பார்க்காமல் எப்படி இருப்பது?

ஒரே சத்தம்தான்.

மருமகள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவன் குனிந்து இரண்டு கையாலும் தூக்கினான், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி, தலை தொங்காமல் ஒரு கையைக் கழுத்துக்குக் கொடுத்து. அப்படியே ஏணியில் இறங்கினான்.

அன்று சாயங்காலம் வந்து குழாயடியில் நின்று கை கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். நான் போய்க் குழாயை மூடிவிட்டு, என் முந்தானையால் அவன் கையைத் துடைத்துவிட்டேன். சாப்பாட்டை நானே பிசைந்து ஊட்டினேன். கடைசிப் பிடி வரை சாப்பிட்டான். என் முகத்தில் அதைப் பார்க்க வேண்டி வரும் என்று உன்னிடம் சொன்னானே, இப்போது பார்க்கிறான். நானும் அவன் முகத்தில் பார்க்கிறேன். பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டோம்.

வழுக்கைத் தலைக்காரர் இன்னொரு பரிசு தருகிறாராம். வேண்டாம் என்று சொல்லச் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கு அங்கே இருந்தவர்களை எல்லாம் உனக்கு வரிசையாக எழுதியிருந்தேன் இல்லையா? ஒவ்வொருவராக விட்டுவிட்டேன். வழுக்கைத் தலைக்காரரை விட்டேன், அவருக்கு அவர் விமானம்தான் பிள்ளை. மஞ்சள் வண்டிக்காரரை விட்டேன், நாயைக் கட்டிவைத்தாரே, அதற்காக. கேன்டீன் பெண்ணை விட்டேன், என்னிடம் முழுசாக உண்மை பேசியது அவள் ஒருத்திதான். மருமகளை விட்டேன், பக்கத்தில் நின்றாள். என் மகனை விட்டேன். அவனை விடாமல் எங்கே போவேன்?

அந்த வரிசையில் இல்லாத ஒருத்தி இருக்கிறாள். அன்றைக்கு அவள் அங்கே இல்லை. எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தாள், அதைக்கூட விட்டுவிடலாம். ஆனால் கூரை மேல் அவர்கள் நிம்மதியாக இருந்தபோது, நான் யாரிடமும் சொல்லாமல் நிம்மதியாக இருந்தபோது, ஆகாசத்து வழியாக என்னிடம் வரக் கிளம்பினாள். காவலுக்கு நின்ற ஒருத்தனையும் அவளையும் என் இரண்டு கையில் கொடுத்து எடைபோடச் சொன்னாள். அந்த விமானத்தில் அவள் முகம் தெரிந்த பிறகு நான் யோசிக்கவே இல்லை. ஒரு நொடி கூட யோசிக்காமல் அவளைத்தான் எடுத்தேன்.

வெந்நீர் போட்டு வைத்திருக்கிறேன். குளித்துவிட்டு வா, சாப்பிடலாம். ஆனால் நான் சாகும்வரை மன்னிக்காத ஆள் ஒன்று உண்டு, சின்னவளே. அது நீதான்.

அக்கா